கோழியிடம் சொல்லி அனுப்பிய பேச்சு

1

கல்யாணத்தில் இருந்தவர்கள்:

நான்.

செண்பகம். பொண்ணு.

அவள் அண்ணன் கலியபெருமாள். குரும்பகரத்தில் நெல் போடுகிறவர். என்னோடு ஆறாவது வரைக்கும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். இந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்ததும் அவர்தான்.

கலியபெருமாள் சம்சாரம்.

குருக்கள்.

நாதஸ்வரக்காரர் ஒருவர். தவில்காரர் வரவில்லை. அவருக்கு அன்றைக்கு வேறு இடத்தில் பெரிய கல்யாணம்.

மீன்காரம்மா காத்தாயி. யாரும் அழைக்கவில்லை. கிளிஞ்சல்மேட்டிலிருந்து கூடையோடு போய்க்கொண்டிருந்தவர், நாதஸ்வரம் கேட்டு, கூடையைக் கோயில் வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார். தாலி கட்டுகிற வரைக்கும் ஒரு கண் என் மேல், ஒரு கண் வாசலில் பூனை மேல்.

பாஸ்கர். செண்பகத்தின் மகன். எட்டு வயது. தூணுக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

அவன் கக்கத்தில் ஒரு கோழி.

குருக்கள் மந்திரத்தை நிறுத்தினார்.

"யாருடா அது, கோழியோட? வெளியில விடு."

"அதுவும் கல்யாணத்துக்கு வந்திருக்கு."

"கோழியெல்லாம் கோயிலுக்குள்ள வரப்படாது."

"மீன்காரம்மா மட்டும் வந்திருக்கு?"

"அடி செருப்பால" என்றார் காத்தாயி. இருப்பது கோயில் என்று ஞாபகம் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எழுபத்தாறாம் வருஷம், வைகாசி. நான் தாலி கட்டியபோது கெட்டிமேளம் கொட்ட ஆள் இல்லை. கோழி கத்தியது.

2

நேற்றோடு அதற்கு ஒன்பது வருஷம் ஆகிறது. ஊரில் மன்றத்துப் பிள்ளைகள் விழா மலர் அச்சடிக்கிறார்களாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுபவம் எழுதி அனுப்புங்கள் என்று கலியபெருமாள் மூலமாகக் கேட்டார்கள். எனக்கு எழுத வராது. செண்பகம்தான், "நம்ம கதைய எழுதுங்க, ஊர்ல சிரிக்கட்டும்" என்றாள்.

பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் எனக்கு வேலை. விடியும் முன்னால் ரயில். போனால் உருளைக்கிழங்கு உரிக்க வேண்டும். பிறகு தட்டு கழுவ வேண்டும். பிறகு நாளைக்கு உருளைக்கிழங்கு. அனுபவம் என்றால் இதுதான். இதை எழுதினால் யார் படிப்பார்கள்.

நான் இங்கே வந்தது அப்பாவால். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்தபோது அவர் பிரெஞ்சுப் பிரஜையாகவே இருந்துகொண்டார். அந்தக் கணக்கில் நானும். வயது முப்பத்தாறு ஆகியும் கல்யாணம் ஆகவில்லை. பார்க்க ஆள் இல்லை. கலியபெருமாள் எழுதினார்: "தங்கச்சி வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் போய் நாலு வருஷம் ஆச்சு. ஒரு பையன் இருக்கான். உனக்குச் சம்மதமா?" நான் சம்மதம் என்று ஒரு வார்த்தை எழுதினேன். ஒரு வார்த்தைக்கு ஒரு தபால்தலை வீண் என்று உடன் வேலை செய்தவன் சொன்னான்.

மூன்று மாத லீவில் வந்தேன். அதற்குள் கல்யாணம் முடித்து, இரண்டு பேரையும் கூட்டிவர காகிதங்கள் எழுதிப்போட வேண்டும் என்று திட்டம்.

கல்யாணத்துக்கு மறுநாள் காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் அவள் வீட்டில், செண்பகம் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"ஒண்ணு சொல்லிடுறேங்க. பையன் வரேன்னா நான் வருவேன். வரமாட்டேன்னா நான் இங்கயேதான். நீங்க வருஷத்துக்கு ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க."

"அவன் என்ன சொல்றான்?"

"வரமாட்டானாம்."

"ஏன்?"

"உங்களப் புடிக்கலயாம்."

"என்ன புடிக்கல?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "மீசையாம்."

மறுநாள் காலையில் மீசையை எடுத்தேன். பதினெட்டு வயதிலிருந்து வளர்த்தது. பாஸ்கர் வந்து தூரத்தில் நின்று பார்த்தான். உள்ளே போய் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"இப்ப இன்னும் மோசம்."

3

அவன் என்னோடு பேசமாட்டான். ஆனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு எத்தனை நாள் பேசாமல் ஓட்டுவது. அதற்கு அவனே ஒரு வழி கண்டுபிடித்தான்.

செண்பகம் சோறு வடித்துவிட்டு, "போய் அவங்களக் கூப்புடுடா" என்பாள். நான் கொல்லையில் இருப்பேன். அவன் வருவான். பின்னாலேயே கோழி வரும். என்னைப் பார்க்கமாட்டான். கோழியைப் பார்த்துச் சொல்வான்.

"கோழி, சோறு ஆயிட்டாம். வரச் சொல்லு."

முதல் நாள் நான் எழுந்து போய்விட்டேன். இரண்டாம் நாள் யோசித்தேன். என்னிடம் பேசாத ஆளுக்கு நான் நேரே பதில் சொல்வது மரியாதையாக இருக்காது.

"கோழி, கையக் கழுவிட்டு வரேன்னு சொல்லு."

அவன் ஒரு நிமிஷம் திகைத்துப்போனான். பிறகு குனிந்து கோழியிடம், "சீக்கிரம் வரணுமாம்னு சொல்லு" என்றான்.

"என்ன கொழம்புன்னு கேளு."

"மத்திக் கொழம்பு. முள்ளு இருக்கும், பாத்து திங்கச் சொல்லு."

முள்ளைப் பார்த்துச் சாப்பிடச் சொன்னது கோழி இல்லை. எனக்கு அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் பேசினோம். நல்ல பேச்சு.

"கோழி, பிரான்சுல பேய் இருக்கான்னு கேளு."

"நான் பாக்கலன்னு சொல்லு."

"அங்க பள்ளிக்கூடத்துல அடிப்பாங்களான்னு கேளு."

"நான் தட்டு கழுவுற பள்ளிக்கூடத்துல அடிக்கிறது இல்ல. ஆனா கேரட்ட பச்சையாத் துருவிக் குடுப்பாங்க."

"அது அடியவிட மோசம்னு சொல்லு."

ஒரே கஷ்டம், கோழி ஒரு இடத்தில் நிற்காது. பேச்சு பாதியில் இருக்கும்போது அது புழு பார்த்துப் போய்விடும். நாங்கள் இரண்டு பேரும் பின்னாலேயே போக வேண்டும். ஒரு தடவை அவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல நான் வேலி தாண்டிப் பக்கத்து வீட்டுக் கொல்லைக்குப் போனேன். அந்த வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"என்னா வேணுங்க?" என்றார்.

"ஒண்ணுமில்ல. கோழிகிட்ட ஒரு பதில் சொல்லணும்."

அவர் வாயைக் கொப்பளிக்காமல் உள்ளே போய்விட்டார்.

காத்தாயி மீன் கொண்டுவந்தபோது இதை இரண்டு மூன்று நாள் பார்த்திருக்கிறார். செண்பகத்தைத் தனியாக அழைத்துக் கேட்டார். தனியாக என்றாலும் அவர் குரல் கடற்கரைக் குரல். தெருவுக்கே கேட்கும்.

"ஏம்மா செண்பகம், பிரான்சு மாப்ளைக்கு என்னா ஆச்சு? கோழிகிட்ட கேரட்டு பத்திப் பேசிக்கிட்டு இருக்காரு."

"கோழிகிட்ட இல்லக்கா. எம் மவன்கிட்ட."

"அவன் அந்தப் பக்கம்ல பாத்துக்கிட்டு நிக்கிறான்?"

"அவனும் கோழிகிட்டதான் பேசுறான்."

காத்தாயி கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். "நல்ல குடும்பம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

4

ஒருநாள் நான் காகித வேலையாகப் பாண்டிச்சேரிக்குப் போனேன். காலையில் முதல் பஸ். அங்கே கல்யாணக் காகிதம் கேட்டார்கள். கொடுத்தேன். இதற்கு ஒரு பிரெஞ்சு நகல் வேண்டும் என்றார்கள். அந்த நகல் எங்கே கிடைக்கும் என்றேன். காரைக்காலில் என்றார்கள். அங்கிருந்துதான் வருகிறேன் என்றேன். அப்படியானால் உங்களுக்கு வழி தெரியும், நல்லது என்றார்கள்.

திரும்பி வரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். வீட்டில் கலியபெருமாள் உட்கார்ந்திருந்தார். சொல்லாமல் வந்திருக்கிறார். மூட்டை அரிசி கொண்டுவந்திருந்தார். பாஸ்கர் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

கொல்லையில் கோழி இல்லை.

செண்பகத்தைக் குறை சொல்ல முடியாது. அண்ணன் மூட்டை சுமந்து வந்திருக்கிறார். வீட்டில் ரசம்தான் இருக்கிறது. பையன் பள்ளிக்கூடத்தில். நான் பாண்டிச்சேரியில். அவள் செய்ததைத்தான் எந்தத் தங்கையும் செய்வாள்.

இலை போட்டாள். கலியபெருமாள் காலைக் கடித்துக்கொண்டே என் இலையைப் பார்த்தார்.

"என்னா மாப்ள, கறி வச்சுக்கல?"

"வேண்டாம் மச்சான்."

"ஏன், வயிறு சரியில்லயா?"

"வயிறு நல்லாத்தான் இருக்கு."

"அப்பறம்?"

"பழகினவங்க" என்றேன்.

கலியபெருமாள் மெல்லுவதை நிறுத்தினார். தங்கையைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் கையில் இருந்த காலை இலையில் வைத்தார். பிறகு மனசு கேட்காமல் மறுபடி எடுத்துக்கொண்டார். குரும்பகரத்திலிருந்து நடந்தே வந்தவர், பாவம்.

மூலையில் இருந்த பாஸ்கர் திரும்பி என்னைப் பார்த்தான். நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஆள் இல்லை.

அடுத்த வாரம் பூனையை வைத்து முயற்சி செய்தான். "பூனை, அம்மா கூப்புடுதுன்னு சொல்லு" என்றான். பூனை காதில் வாங்காமல் போய்விட்டது. அதோடு விட்டுவிட்டான். வீடு அமைதியாகிவிட்டது. என் லீவு ஓடிக்கொண்டிருந்தது.

5

ஆனிப் பௌர்ணமி வந்தது. காரைக்காலில் மாங்கனித் திருவிழா. நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர் யாராவது மலரை எடுத்துப் படித்தால் புரிய வேண்டும் என்று சொல்கிறேன். சிவன் பிச்சாண்டவராக வீதி வருவார். வேண்டிக்கொண்டவர்கள் மாடியில் நின்று கூடை கூடையாக மாம்பழம் எறிவார்கள். கீழே ஊரே கை நீட்டும். பிள்ளை வேண்டுகிறவர்கள் ஒரு பழத்தைப் பிடித்துக் கொண்டுபோய்ப் புருஷனும் பெண்டாட்டியுமாகச் சாப்பிடுவார்கள். பிள்ளை பிறக்கும் என்று நம்பிக்கை.

முதல் நாளே காத்தாயி சொல்லிவிட்டுப் போனார்.

"செண்பகம், மாப்ளய அனுப்பி ஒரு பழம் புடிச்சாரச் சொல்லு. ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி தின்னுங்க. அடுத்த ஆனிக்குள்ள தூளி கட்டிப்புடலாம்."

"சும்மா இருங்கக்கா, பையன் இருக்கான்."

பையன் பென்சில் சீவிக்கொண்டிருந்தான். முனை உடைந்தது. மறுபடி சீவினான். மறுபடி உடைந்தது.

நான் ஒரு குடை எடுத்துக்கொண்டு போனேன். பிரான்சிலிருந்து கொண்டுவந்தது. பொத்தானை அமுக்கினால் தானாகத் திறக்கும். காரைக்காலில் அப்போது அப்படிக் குடை நான் பார்த்ததில்லை. அதைத் தலைகீழாகப் பிடித்தால் பத்துப் பழமாவது விழும் என்று கணக்குப் போட்டேன். பாஸ்கரையும் கூட்டிப்போகச் சொன்னாள் செண்பகம். பத்தடி பின்னால் வந்தான்.

மழைக்குச் செய்த குடை. மாம்பழத்துக்குச் செய்தது இல்லை. முதல் பழம் விழுந்ததும் ஒரு கம்பி வளைந்தது. இரண்டாவது பழம் துணியைக் கிழித்துக்கொண்டு என் கால் கட்டைவிரல் மேல் விழுந்தது. குனிந்து எடுப்பதற்குள் ஒரு பெரியவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பதற்றத்தில் மூடுகிற விசையைத் தட்டிவிட்டேன். குடை மடங்கிப் பக்கத்தில் இருந்தவர் முண்டாசைக் கவ்விக்கொண்டது.

"யோவ், யாருய்யா இது! குடைய வச்சு ஆளப் புடிக்கிறான்!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அவர் முண்டாசைப் பிரித்துக் கொடுத்தேன். அந்த நேரத்தில்தான் மேலேயிருந்து ஒரு பழம் நேராக என் நெற்றியில் விழுந்தது. கண்ணில் பூச்சி பறந்தது. பார்த்தால் பழம் என் கையில் இருக்கிறது.

"புடிச்சிட்டாருப்பா!" என்றார் முண்டாசுக்காரர். கோபம் போய்விட்டது அவருக்கு. "பையன் பொறப்பான், போ."

பாஸ்கர் கூட்டத்தின் கால்களுக்கு நடுவில் தவழ்ந்து நாலு பழம் பொறுக்கியிருந்தான். சட்டைக்குள் போட்டிருந்தான். அந்த வார்த்தையைக் கேட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். வீடு வருகிற வரைக்கும் என் கையில் இருந்த பழத்தையே பார்த்துக்கொண்டு வந்தான்.

செண்பகம் என் நெற்றி வீக்கத்துக்கு மஞ்சள் போட்டாள். பழத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். "காலையில குளிச்சிட்டுச் சாப்புடலாங்க" என்றாள். வெட்கப்பட்டாள். எனக்கும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. வீங்கின நெற்றியில் அது தெரிந்திருக்காது.

6

காலையில் குளித்துவிட்டு வந்தால் பழத்தைக் காணோம்.

எலி என்றேன். செண்பகம் சாமி படத்துக்குப் பின்னால் தேடினாள். அப்போது காத்தாயி கூடையோடு வந்தார். கிணற்றடியில் நின்ற பாஸ்கரைப் பார்த்தார். வாய் முழுக்க மஞ்சள். சட்டையில் சாறு. பக்கத்தில் ஐந்து கொட்டை.

"அடப்பாவி! சாமிப் பழத்த நீயே தின்னுட்டியா?"

அவன் புறங்கையால் வாயைத் துடைத்தான்.

"அப்ப உனக்குத்தாண்டா தூளி கட்டணும்!"

"நான் ஆம்பளப் புள்ள" என்றான்.

"பழத்துக்கு ஆம்பள பொம்பள தெரியுமா? தின்னவன் பெத்துக்க வேண்டியதுதான். ஆடி, ஆவணி, புரட்டாசின்னு எண்ணிக்கிட்டே வா."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி காத்தாயி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். செண்பகம் கையை ஓங்கினாள். "ஏண்டா தின்ன? சொல்லு, ஏண்டா?"

"விடு, பழம்தான" என்றேன்.

அவன் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை. கூடத்தில் மல்லாந்து படுத்தான். மத்தியானம் சோறு வேண்டாம் என்றான். கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி இருந்தான். கோபம் என்று செண்பகம் நினைத்தாள்.

சாயங்காலம் நான் கொல்லையில் குடைக் கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். வந்து நின்றான். ரொம்ப நேரம் நின்றான்.

"இந்தாங்க."

நான் சுற்றிலும் பார்த்தேன். வேறு யாரும் இல்லை.

"என்னையா?"

"வேற யாரு இருக்கா?"

"சொல்லு."

"அம்மாகிட்ட சொல்லக்கூடாது."

"சொல்லல."

"காத்தாயிகிட்டயும்."

"சொல்லல."

"எனக்குப் புள்ள பொறக்கப் போவுது."

நான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் இன்றைக்கு நான் இங்கே தனியாக இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

"நெசமாவா?"

"உள்ள உதைக்கிது. தொட்டுப் பாருங்க."

தொட்டேன். வயிறு மத்தளம் மாதிரி இருந்தது. காதை வைத்துக் கேட்டேன்.

"என்னா சொல்லுது?" என்றான்.

"கடமுடன்னுது."

அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் பக்கத்து வீட்டில் சைக்கிள் இரவல் வாங்கினேன். பல் தேய்த்துக்கொண்டிருந்த அதே வீட்டுக்காரர். கேட்டதும் கொடுத்துவிட்டார். எதற்கு என்று கேட்கப் பயந்தார்.

பாஸ்கரை முன் பாரில் உட்கார வைத்துக் கடைத்தெருவில் கம்பவுண்டர் வீட்டுக்கு மிதித்தேன். போகிற வழியில் அவன் நிறையக் கேட்டான். அத்தனை நாள் சேர்த்து வைத்திருந்தான் போல.

"ரொம்ப வலிக்குமா?"

"எனக்குத் தெரியாது. பெத்தது இல்ல."

"பொறந்தா அது பேரு என்னா வைக்கலாம்?"

"பொறக்கட்டும்."

"அம்மா அதுக்கு என்னா வேணும்?"

"பாட்டி."

ரோட்டில் ஒரு பள்ளம் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க?"

"நானா? தாத்தா."

அவன் யோசித்தான். முன்னால் அவன் தலை மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அந்தத் தலை கணக்குப் போடுவது பின்னாலிருந்தே தெரிந்தது. அவன் பிள்ளைக்கு நான் தாத்தா என்றால் அவனுக்கு நான் அப்பாவாக இருக்க வேண்டும். அதை நான் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை.

"பாப்பா வந்தா எங்க படுக்கும்?" என்றான்.

"நம்ம வீட்டுலதான்."

"அப்ப நான்?"

இதுதான் கேள்வி என்று எனக்கு அப்போது புரிந்தது. பழத்தை ஏன் தின்றான் என்பதும்.

"நீயும்தான். பாய் பெருசு."

"எத்தன பாப்பா வந்தாலுமா?"

"இன்னொரு பாய் வாங்கலாம்."

கம்பவுண்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். என்ன சாப்பிட்டான் என்றார். ஐந்து மாம்பழம் என்றேன். "தோலோட" என்றான் பாஸ்கர். கம்பவுண்டர் விளக்கெண்ணெய் எடுத்தார்.

"இது குடிச்சா பாப்பாக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?" என்று பாஸ்கர் கேட்டான்.

கம்பவுண்டர் என்னைப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லுங்க" என்றேன்.

"ஒண்ணும் ஆவாது" என்றார். நல்ல மனுஷன்.

திரும்பி வரும்போது பாதி வழியில், "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றான். வாய்க்கால் ஓரத்துத் தாழம்புதருக்குப் பின்னால் ஓடினான். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றேன். ரொம்ப நேரம் கழித்து வந்தான். முகம் தெளிந்திருந்தது.

"என்ன ஆச்சு?"

"புள்ள இல்ல. மாம்பழம்தான்."

"நல்லது."

"பேரு கூட யோசிச்சிட்டேன்" என்றான். கொஞ்சம் வருத்தமாகத்தான் சொன்னான்.

அன்றைக்குச் சைக்கிளில் அவன் கடைசியாகக் கேட்டது: "பிரான்சுல கோழி இருக்கா?"

"இருக்கு. தமிழ் தெரியாது."

"பரவால்ல. சொல்லிக் குடுக்கலாம்."

அப்படித்தான் அவன் சம்மதம் சொன்னான். வீட்டுக்கு வந்து செண்பகத்திடம் சொன்னேன். மீசை இல்லாததைப் பற்றி ஏதாவது சொன்னானா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

7

காகிதங்கள் வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஒரு குளிர்காலத்தில் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். விமானத்திலிருந்து இறங்கினதும் பாஸ்கர் வாயிலிருந்து புகை வந்தது. ஊதி ஊதிப் பார்த்தான். "நான் பீடி குடிக்கிறேன்" என்று அம்மாவுக்குக் காட்டினான்.

பிறகு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். மாம்பழம் இல்லாமலே. பாய் இல்லை இங்கே, கட்டில்தான். ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிய கட்டில். மேல் கட்டில் பாஸ்கருக்கு. இரண்டாவது பிறந்தபோது வீடு போதவில்லை. எல்லோருக்கும் இடம் இருக்கிறது என்று நான் சொன்னது அவனுக்கு ஞாபகம் இருக்குமோ என்று பயமாக இருந்தது. அவனே கூடத்தில் படுத்துக்கொண்டான். கேட்டால், "அங்கதான் டிவி இருக்கு" என்றான்.

பெண்கள் என்னைப் பாப்பா என்கிறார்கள். இங்கே அப்பாவுக்கு அப்படித்தான் சொல்வார்களாம். ஊரில் சின்னப்பிள்ளைக்குச் சொல்வதை எனக்குச் சொல்கிறார்கள். தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வருகிறது. சோற்றை முள்கரண்டியால் சாப்பிடுகிறார்கள். ரசத்தையும் அப்படி முயற்சி செய்கிறார்கள்.

எனக்குப் பிரெஞ்சு சமையலறைக்கு மட்டும் வரும். சட்டி, தட்டு, சீக்கிரம், சூடு, மூடு. எண் வரும். நூறு தட்டு எண்ணத் தெரியாவிட்டால் வேலை போய்விடும். ஆபீஸ் பிரெஞ்சு வராது. அதனால் எந்த ஆபீசுக்குப் போனாலும் பாஸ்கர் கூட வருவான். ஆபீஸ் அம்மா கால் மணி நேரம் பேசுவார். இவன் என் பக்கம் திரும்பி, "இல்லையாம்" என்பான். நான் "சரி" என்பேன். இவன் அந்தப் பக்கம் திரும்பிக் கால் மணி நேரம் பேசுவான்.

"நான் 'சரி'ன்னுதான சொன்னேன்?"

"நீங்க சொல்ல வேண்டியதச் சொன்னேன்."

ஊரில் எங்களுக்கு நடுவில் கோழி இருந்தது. இங்கே எனக்கும் பிரான்சுக்கும் நடுவில் அவன் இருக்கிறான். கோழியைவிடப் பரவாயில்லை. நின்று பேசுகிறான்.

அவனுக்கு இப்போது பதினேழு வயது. மீசை வந்திருக்கிறது. என்னை இன்னும் "இந்தாங்க" என்றுதான் கூப்பிடுகிறான். அப்பா என்று ஒரு தடவையும் சொன்னதில்லை. இங்கே நம் ஆட்கள் பொங்கலுக்குக் கூடுவார்கள். அங்கே வருகிற பொம்பளைகள் இதைப் பற்றிச் செண்பகத்திடம் கேட்பார்கள். அவள் வீட்டுக்கு வந்து அவனிடம் கேட்பாள்.

"அப்பான்னு சொன்னா வாய் வலிக்குமாடா?"

"பழகிட்டும்மா."

"விடு" என்பேன் நான். எனக்கு அதில் குறை இல்லை என்று சொன்னால் பொய். பெரிய குறை என்று சொன்னாலும் பொய். அவனுக்கு ஒரு அப்பா இருந்தார். நாலு வயது வரைக்கும் தோளில் தூக்கியிருக்கிறார். அந்தச் சொல் அவருடையது. காகிதத்தில் பாஸ்கர் பேருக்குப் பின்னால் இருப்பதும் அவர் பேர்தான். நான் மாற்றச் சொல்லவில்லை. ஆனால் என்னை அவன் என்ன கணக்கில் வைத்திருக்கிறான் என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தது. ஒன்பது வருஷமாகக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

மாம்பழக் கதையை எழுதலாமா என்று மட்டும் அவனிடம் கேட்டேன். "எழுதுங்க. ஆனா அஞ்சு இல்ல, நாலுன்னு போடுங்க" என்றான். ஐந்து என்றே போட்டிருக்கிறேன். அவனுக்குத் தமிழ் படிக்க வராது.

8

போன மாதம் பெரிய வீடு கேட்டு நகராட்சிக்கு எழுதிப்போட்டிருந்தோம். கூப்பிட்டார்கள். நானும் பாஸ்கரும் போனோம். கண்ணாடி போட்ட அம்மா ஒருவர். எங்கள் காகிதங்களைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். பாஸ்கர் வழக்கம்போல் என் பக்கம் திரும்பிச் சொன்னான்.

"எங்க வேல செய்றீங்கன்னு கேக்குறா."

சொன்னேன்.

"எத்தன வருஷமான்னு கேக்குறா."

சொன்னேன்.

"இந்த வீட்டுல என்னா கஷ்டம்னு கேக்குறா."

"ஒண்ணும் இல்லன்னு சொல்லு."

"அப்படிச் சொன்னா வீடு எப்படிக் குடுப்பா? இருங்க" என்றான். அந்தப் பக்கம் திரும்பினான். கூரை ஒழுகுவது, ஜன்னல் மூடாதது, தங்கச்சிகள் இருமுவது எல்லாம் சொன்னான் என்று நினைக்கிறேன். கடைசியில் அவனே இருமிக் காட்டினான். அந்தம்மா சிரித்துவிட்டார்.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். அது எனக்கே புரிந்தது. எத்தனை பிள்ளைகள்.

அந்தம்மா முன்னால் குடும்பக் காகிதம் இருக்கிறது. அதில் என் பிள்ளைகள் என்று எழுதியிருப்பது இரண்டு பேர். அதைச் சொன்னால் பக்கத்தில் நிற்கிறவன் முகத்தை எப்படிப் பார்ப்பது. இன்னொரு எண் சொன்னால், இல்லை என்று அவனே திருத்திவிட்டால். அவன் திரும்பி என்னிடம் கேட்கட்டும், அதற்குள் யோசிக்கலாம் என்று நின்றேன்.

அவன் திரும்பவில்லை. அந்தம்மாவிடம் அவனே சொன்னான்.

அவர் காகிதத்தைப் பார்த்தார். பேனா முனையால் இரண்டு பேரையும் தொட்டுக் காட்டினார். இவன் இல்லை என்று தலையை ஆட்டினான். தன் நெஞ்சில் கையை வைத்தான். அதே எண்ணை மறுபடி சொன்னான், கொஞ்சம் சத்தமாக, காது கேட்காதவருக்குச் சொல்கிற மாதிரி.

மூணு.